கறண்ட் இல்லாத ஊரில் கணினி பழகியவன்

கணினி வாங்கப் போகிறவர்கள் இதை எழுதுகிறவனிடம் யோசனை கேட்டு வருவதுண்டு. எந்தக் கொம்பனி, எத்தனை ஜிபி, எத்தனையாம் தலைமுறை என்று கேட்கத்தான் வருவார்கள். அவன் திருப்பிக் கேட்பது வேறு. கறண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்? இணையம் இல்லாவிட்டால் இதில் என்ன செய்யலாம்? பழுதானால் நெல்லியடியில் திறந்து பார்க்க ஆள் உண்டா? இன்றைக்குச் சேமிக்கிற படத்தையும் கடிதத்தையும் பத்து வருடம் கழித்து வேறொரு பெட்டியில் திறக்கலாமா? வந்தவர்களின் முகம் சுருங்கிவிடும். "கொழும்பில ஒருத்தரும் உப்பிடிக் கேக்கிறேல்லை, தம்பி" என்று சொல்லிவிட்டுப் போன மாமியும் இருக்கிறார்.

கொழும்பில் கேட்கமாட்டார்கள்தான். அவன் வளர்ந்தது கரவெட்டியில். 1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியதோடு யாழ் குடாநாட்டுக்குக் கறண்ட் நின்றது. பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பற்றரியும் போயின. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும் வைத்து எரித்த விளக்கில்தான் ஒரு தலைமுறை சோதனைக்குப் படித்தது. இதையெல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். அந்த இருட்டுக்குள் வீட்டுக்கு வீடு நடந்த மின்னியல் படிப்பைப் பற்றித்தான் அதிகம் எழுதப்படவில்லை.

சைக்கிளை இரட்டை ஸ்ராண்டில் நிறுத்துவார்கள். பின்சில்லில் டைனமோவின் தலையை அழுத்திவிட்டுப் பெடலைக் கையால் சுற்றினால் 6 வோல்ற், 3 வாற் வரும். வெளிச்சத்துக்கு அது போதும், வானொலிக்கு அப்படியே ஆகாது. டைனமோ தருவது ஆடலோட்டம், வானொலி கேட்பது நேரோட்டம். செத்துப்போன வானொலிகளிலிருந்து கழற்றிய நாலு டயோட்டுகளைச் சதுரமாகக் கட்டவேண்டும். அப்போதும் செய்திக்குப் பின்னால் ஒரு இரைச்சல் ஓடும். பெரிய கொள்ளளவி ஒன்றைக் குறுக்கே போட்டால் இரைச்சல் அடங்கும். உயர்தரப் பௌதிகவியல் புத்தகத்தில் 'முழுவலைச் சீராக்கம்' என்று ஒரு படம் இருக்கும். வேறு ஊர்ப் பிள்ளைகள் அதைச் சோதனைக்குப் பாடமாக்கினார்கள். இங்கே அது ஒவ்வொரு நாளும் இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை கேட்பதற்கான வழி. செய்தி கேட்பது பெரியவர்கள், சுற்றுவது பெடியள். கை சோர்ந்தால் செய்தி தேயும், உடனே விறாந்தையிலிருந்து சத்தம் வரும்.

தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைப்பார்கள். அடியில் ஆணியால் துளையிட்டு உப்புத் தண்ணீர் விடுவார்கள். ஒரு பாட்டுக்கோ இரண்டு பாட்டுக்கோ உயிர் வரும். படம் பார்ப்பதென்றால் அது ஊர்க்காரியம்: ரி.வி., டெக், ஜெனரேற்றர் மூன்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, காசு சேர்த்து, விடிய விடிய நாலு படம். ஜெனரேற்றரைப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். மூன்றாவது படத்தின் உச்சக்கட்டத்தில் அது இருமத் தொடங்கினால் சனம் மொத்தமும் எழும்பி நின்று ஜெனரேற்றரைப் பார்க்கும்.

ஒரு கருவி எத்தனை வாற் தின்னும் என்பதை முதலில் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது. இன்றைக்கும் புதுச் சாமான் ஒன்றைக் கையில் எடுத்தால் அவன் கண் முதலில் போவது பின்புறத்து ஸ்ரிக்கருக்கு.

கணினியை அவன் முதலில் படித்தது கொப்பியில். ரியூட்டரியில் மாஸ்ரர் கரும்பலகையில் கீபோட்டை வரைந்தார். எல்லாரும் வரைந்துகொண்டார்கள். துவித எண், உள்ளீடு, வெளியீடு, நினைவகம், பிறகு டொஸ் கட்டளைகள். 'டிர்' போட்டால் பட்டியல் வரும், 'கொப்பி' போட்டால் பிரதி எடுக்கும், 'டெல் நட்சத்திரம் புள்ளி நட்சத்திரம்' போட்டால் எல்லாம் அழியும். கீபோட் ஒன்றைத் தொடுவதற்கு முன்னமே எல்லாவற்றையும் அழிக்கிற கட்டளை அவனுக்கு மனப்பாடம். அந்த வகுப்பைக் குறைசொல்ல அவனுக்கு மனம் வராது. இயந்திரம் இல்லாமல் இயந்திரத்தைப் படித்தவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று யோசிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. படத்தைத் தொட்டுப் பழகியவர்களிடம் அது குறைவு என்பது அவன் கட்சி. இதில் கொஞ்சம் கிழட்டுத்தனம் இருப்பதும் அவனுக்குத் தெரியும்.

உண்மையான பெட்டியைக் கண்டது தொண்ணூறுகளின் கடைசியில். குளிரூட்டிய அறை, வாசலில் செருப்பு, மேலே பிளாஸ்ரிக் உறை. ஒரு 486, சுற்றி ஏழெட்டுப் பேர். ஒருவருக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் 1.44 எம்பி புளொப்பியைப் போட்டு, கோப்பைத் திறந்து, தன் பெயரை ஆங்கிலத்தில் அடித்து, மூடிவிட்டு எழும்பவேண்டும். உலகம் அப்போது விண்டோஸ் 98க்குப் போய்விட்டிருந்தது.

2002 மாசியில் போர்நிறுத்தம், சித்திரையில் ஏ9 பாதை திறந்தது. அதற்குப் பிறகு வந்த மாற்றத்தின் வேகத்தை இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கடினம். பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் வாங்கிய பெட்டிகள் பஸ்ஸில் ஏறி வடக்கே வரத் தொடங்கின. கணினி என்றால் அப்போது கண்ணாடிக் குழாய் மொனிற்றரும் சேர்த்துத்தான். 15 அங்குல மொனிற்றர் ஒன்று பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். அதைப் போர்வையால் சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு, ஓமந்தையில் இறக்கி ஏற்றி, முகமாலையில் இறக்கி ஏற்றி, கரவெட்டி வந்து சேரும்போது முழங்கால் மரத்துப்போயிருக்கும்.

வந்தவை எல்லாம் அசெம்பிள் பெட்டிகள். பெயர் பெற்ற கொம்பனிப் பெட்டி வாங்க ஆருக்கும் வசதியில்லை, அதுவே நல்லதாகப் போயிற்று. 2000களின் முற்பகுதியில் உலகம் முழுக்க மதர்போட்டுகளில் ஒரு நோய் பரவியது. உள்ளே நிரப்பிய திரவத்தின் கலவை பிழைத்துப்போன கொள்ளளவிகள் ஓரிரு வருடத்தில் மேல்மூடி வீங்கி, கபில நிறத்தில் ஒழுகத் தொடங்கின. பெரிய கொம்பனிகளின் கணினிகளுக்கும் அது வந்தது. கணினி தன்பாட்டில் நின்று நின்று வரும். கொழும்பில் கேட்டால் "போட் மாத்தவேணும்" என்பார்கள். நெல்லியடியில் வானொலி திருத்திய கை ஒன்று இருந்தது. பெட்டியைத் திறந்து, வீங்கிய உருளைகளை எண்ணி, ஈயம் உருக்கி, பழைய கொள்ளளவியைக் கழற்றி, அதே மைக்ரோபரட், அதற்குக் குறையாத வோல்ற் பார்த்துப் புதிதைப் பொருத்தி, அரை நாளில் திருப்பித் தந்தது அந்தக் கை. டைனமோவில் தமிழோசை கேட்கப் பழகிய அறிவுதான்.

அந்தப் பெட்டியில் பவர் சப்ளை செத்தால் அதை மட்டும் மாற்றலாம், நினைவகம் போதாவிட்டால் இன்னொரு துண்டு செருகலாம். இப்போது விற்கிற மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகத்தை மதர்போட்டோடேயே ஈயம் வைத்து ஒட்டி விடுகிறார்கள். கைத்தொலைபேசியின் பற்றரியைக் கழற்ற வெந்நீர்ப் பையும் பொறுமையும் வேண்டும். மெலிவு அழகுதான். ஆனால் அந்த அழகுக்கான விலையை வாங்குகிறவர் கடையில் கொடுப்பதில்லை, மூன்றாவது வருடம் கொடுக்கிறார்.

மென்பொருளுக்கு வருவோம். இங்கே அவனுக்கு ஒரு பழைய பகை உண்டு. பகையின் பெயர் பாமினி.

ஈழத்தமிழர் கையில் கணினி வந்த காலத்தில் தமிழ் என்றால் பாமினி எழுத்துரு என்று அர்த்தம். கலியாண அழைப்பிதழ், அந்தியேட்டிக் கல்வெட்டு, கோயில் நோட்டீஸ், பாடசாலை மலர், பரீட்சைத் தாள், ரொறன்ரோவிலும் பாரிஸிலும் வந்த இலவசப் பத்திரிகைகள் எல்லாமே அதில்தான். தட்டச்சுப் பழகியவர்களுக்கு விரல் ஓடியது, பேஜ்மேக்கரில் இருக்கச் சொன்ன இடத்தில் இருந்தது. வேலை நடந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் உள்ளே இருந்தது தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினி தன் வயிற்றில் எழுதிக்கொள்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அந்த எழுத்துரு நிறுவப்படாத கணினியில் கோப்பைத் திறந்தால் அம்மாவும் இல்லை, தமிழும் இல்லை.

ஜேர்மனியிலிருக்கும் மகனுக்கு ஒரு தாய் கடிதம் எழுதுவிக்கிறார் என்று வையுங்கள். நெல்லியடியில் ஒரு பெடியன் பாமினியில் அடித்து மின்னஞ்சலில் அனுப்புகிறான். அங்கே திறந்தால் குப்பை. எழுத்துருக் கோப்பையும் சேர்த்து அனுப்பவேண்டும், அதைப் பதிந்துகொள்ள அங்கே ஆள் வேண்டும், அலுவலகக் கணினி என்றால் பதிய அனுமதியும் இல்லை. கடைசியில் கடிதத்தைத் தாளில் எடுத்து, வருடி, படமாக அனுப்பினார்கள். உலகத்தின் மிக விரைவான தபாலில், எழுத்தைப் படம்பிடித்து அனுப்பிய காலம் அது. தமிழ்நாட்டின் கதையும் வேறல்ல. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். 1999 மாசியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்று இரண்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் முன்வைத்தது. இணையத்து ஆர்வலர்கள் டிஸ்கி என்று இன்னொன்றைக் கட்டியெழுப்பினார்கள். தமிழுக்கு யூனிகோடில் 1991லேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 'அ'வுக்கு அங்கே சொந்தமாக ஓர் எண், 2949. உலகத்தின் எந்தக் கணினியிலும் அது 'அ'தான், வேறு எதற்கும் அந்த இருக்கை கிடையாது.

ஆனால் இருக்கை ஒதுக்கினால் போதுமா? விண்டோஸ் 2000தான் அதைத் தமிழாகக் காட்டப் பழகிய முதல் விண்டோஸ். எக்ஸ்பி வந்த பிறகும் சும்மா வரவில்லை. கொன்ட்ரோல் பனலுக்குள் போய், மொழிப் பகுதியைத் திறந்து, சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற பெட்டியில் சரி போடவேண்டும். போட்டதும் அது எக்ஸ்பி சிடியைக் கேட்கும். ஊரில் ஆரிடம் சிடி இருந்தது? ஒரு சிடி வீடு வீடாகச் சுற்றியது. அதைச் செய்யாவிட்டால் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் சிதறிக் கிடக்கும். யூனிகோட் தமிழ் வாசிக்க முடியாதது என்று கனபேர் சத்தியம் செய்தது இந்தக் கோலத்தைப் பார்த்துத்தான்.

சண்டையை வென்றது மாநாடுகள் அல்ல, இரண்டு சின்னச் செயலிகள் என்பது அவன் தீர்ப்பு. ஒன்று இ-கலப்பை. அதில் ஆங்கில ஒலிப்படி அடிக்கிறவருக்கு ஒரு வகை, தமிழ்99காரருக்கு ஒரு வகை, பாமினி விரல்களுக்கும் ஒரு வகை இருந்தது. விரலை மாற்றாமல் வயிற்றை மட்டும் மாற்றிய சாமர்த்தியம் அது. மற்றது ஜேர்மனியில் வாழ்ந்த சுரதா யாழ்வாணன் செய்த எழுத்துருமாற்றி. மேல் பெட்டியில் பாமினிக் குப்பையை ஒட்டினால் கீழ்ப் பெட்டியில் யூனிகோட் தமிழ் விழும். நிறுவத் தேவையில்லை, காசில்லை. எத்தனை பழைய மலர்களும் கட்டுரைகளும் அந்த இரண்டு பெட்டிகளுக்கிடையே உயிர்பிழைத்தன என்று கணக்கெடுக்க ஏலாது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் யாழ்ப்பாணத்தவரான மயூரநாதன் வளைகுடாவிலிருந்து கட்டுரை கட்டுரையாக எழுதிக் குவித்ததும் இந்தக் காலத்தில்தான். பாமினியில் இருந்திருந்தால் அவற்றில் ஒன்றையும் எந்தத் தேடுபொறியும் கண்டுபிடித்திராது.

இன்றும் ஊரில் அச்சகங்கள் பாமினியை விடவில்லை. புது மலருக்குக் கட்டுரை கேட்பார்கள். அனுப்பினால் "அண்ணை, பாமினியில தாங்கோவன்" என்பார்கள். இருபது வருடத்துக்கு முன் குப்பையைத் தமிழாக்கினார்கள், இப்போது தமிழைக் குப்பையாக்கித் தரவேண்டியிருக்கிறது. அவன் மாட்டேன் என்பதில்லை. முணுமுணுத்துக்கொண்டு மாற்றிக் கொடுப்பான்.

படத்துக்கும் பாட்டுக்கும் வந்தால் கதை இன்னும் கலகலப்பு. கலியாணவீடு, சாமத்தியவீடு என்றால் வீடியோ இல்லாமல் இல்லை. பார்க்கவேண்டியவர்களில் பாதிப்பேர் கடலுக்கு அந்தப்பக்கம். இங்கே எடுக்கிற கசெற் பால் முறை, 625 கோடு, செக்கனுக்கு 25 படம். கனடாவில் ஓடுவது என்டிஎஸ்சி, 525 கோடு, 30 படம். ஐரோப்பாவிலிருக்கும் பெரியம்மாவின் டெக்கில் தாலிகட்டு வண்ணத்தில் ஓடும். ரொறன்ரோவிலிருக்கும் சித்தியின் டெக்கில் மாப்பிள்ளை கறுப்பு வெள்ளையில் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருப்பார். அங்கே அதை மாற்றித் தரவென்றே கடைகள் இருந்தன, காசும் வாங்கின. ஒரே குடும்பம், ஒரே கலியாணம், பல பத்து வருடங்களுக்கு முன் அமெரிக்காவும் ஐரோப்பாவும் எடுத்த தொலைக்காட்சித் தீர்மானங்களுக்காக ஆளுக்கொரு படம்.

டிவிடி வந்தபோது இந்தத் தொல்லை தீரும் என்று நினைத்தார்கள். முன்பு இயந்திரங்களின் வேறுபாட்டால் வந்த தடையை இப்போது கொம்பனிகள் வேண்டுமென்றே உண்டாக்கின. உலகத்தை வலயங்களாகப் பிரித்தார்கள்: கனடா 1, ஐரோப்பா 2, இந்தியா 5. ஒரு வலயத்துக் கடைத் தட்டு இன்னொரு வலயத்துப் பெட்டியில் ஓடாது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் பெருமையோடு கொண்டுவந்த விலைகூடிய பெட்டி தட்டைத் துப்பிவிட்டு மறுப்புச் செய்தி காட்டும். நெல்லியடியில் வாங்கிய பெயர் தெரியாத சீனப் பெட்டி எதைப் போட்டாலும் ஓட்டும். விலைகூடிய பெட்டி சட்டம் பேசியது, மலிந்த பெட்டி படம் காட்டியது.

அதற்கு முன்னால் விசிடி என்று ஒன்று இருந்ததே, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் அநேகமாகக் கண்டுகொள்ளாத சாதனம், ஆசியா தலையில் வைத்துக் கொண்டாடியது. 352க்கு 288 புள்ளிப் படம், ஒரு தட்டில் 74 முதல் 80 நிமிடம். தமிழ்ப் படம் இரண்டு தட்டில் அடங்கும், நீளமான படமென்றால் மூன்று. தட்டு மாற்றும் இடம் ஊருக்கே தெரியும். வேகமான சண்டைக் காட்சியில் திரை சதுரம் சதுரமாக உடையும். தரம் பேசுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், அவர்கள் சுளிப்பது நியாயமும்கூட. ஆனால் கீறல் விழுந்த தட்டை வாழைப்பழத் தோலாலும் பற்பசையாலும் தேய்த்து ஓடவைக்க முடிந்த தொழில்நுட்பம் வேறு எது?

பாட்டுக்கு எம்பி3. 128 கிலோபிற்றில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு எம்பி. 700 எம்பி சிடி ஒன்றில் 150 பாட்டுக்கு மேல் அடங்கும். இளையராஜாவின் எண்பதுகளில் தெரிந்தெடுத்த பாட்டுகள் மூன்று நாலு தட்டில் அடைந்துகிடந்தன. வின்அம்ப் என்ற சின்னச் செயலி, ஒரு புளொப்பியில் கொள்ளக்கூடிய அளவில், எந்தப் பழைய பெட்டியிலும் பாடியது. அவனுடைய மென்பொருள் இலட்சணம் அதுதான்: சிறியதாக இருக்கவேண்டும், பழைய பெட்டியில் ஓடவேண்டும், ஆரையும் கேட்கக்கூடாது. விஎல்சியும் அந்தச் சாதி. 1996இல் பிரான்சில் மாணவர்கள் தங்கள் கல்லூரி வலையமைப்பில் படம் பார்க்கத் தொடங்கிய திட்டம் அது. பாதியில் அறுந்த கோப்பையும் அது முடிந்தவரை ஓட்டிக் காட்டும். மெதுவான இணையத்தில் பாதி இறங்கி நிற்கும் கோப்புகள் நிறைந்த ஊரில் இதைவிட என்ன வேண்டும்?

2006 ஆவணி 11ஆம் திகதி ஏ9 பாதை மறுபடி பூட்டியது. கப்பலும் விமானமும்தான். அரிசி, சீனிக்கே வரிசை என்றபோது கணினிச் சாமானுக்கு எங்கே போவது? கடதாசித் தட்டுப்பாட்டில் 'உதயன்' பக்கங்களைக் குறைத்துக்கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் அவன் கைக்கு வந்த விசித்திரமான பொருள் ஒரு மட்டைக் கவருக்குள் உபுண்டு லினக்ஸ் சிடி. கேட்டு எழுதினால் உலகத்தின் எந்த மூலைக்கும் தபால் செலவுகூட இல்லாமல் சிடி அனுப்பும் திட்டம் ஒன்றை உபுண்டுக்காரர்கள் 2011 வரை நடத்தினார்கள். அனுமதி இலக்கமும் இல்லை, களவுப் பிரதியும் இல்லை, பென்ட்ரைவில் வந்து ஒட்டும் வைரசும் இல்லை. ஒலி வேலைசெய்யவில்லை, மோடம் வேலைசெய்யவில்லை, தமிழ் எழுத்து மட்டும் நேராக வந்தது. மோடத்தைவிடத் தமிழ் முக்கியம் என்று அவன் அப்போது வாதாடினான். வீட்டில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

எண்ணிம ஊடகம் பற்றி அவன் எண்ணத்தை மாற்றியது நூலகம் திட்டம். 1981 ஆனியில் யாழ் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் போனதை அறியாத யாழ்ப்பாணத்தவர் இல்லை. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியாக எதையும் வைக்காதே என்பதை அதைவிடக் கொடூரமாக ஆரும் கற்பிக்க முடியாது. 2005 தைப்பொங்கலில் இளைஞர்கள் சிலர் ஈழத்து எழுத்தை இணையத்தில் ஏற்றத் தொடங்கியதுதான் நூலகம் திட்டம். 1998இல் கலியாணசுந்தரம் சுவிற்சர்லாந்திலிருந்து தொடக்கிய மதுரைத் திட்டம் காட்டிய வழியில் முதலில் தட்டச்சுச் செய்தார்கள். பிறகு பக்கம் பக்கமாக வருடிப் பிடிஎஃப் ஆக்கினார்கள். இன்று அங்கே ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள். கரவெட்டியில் பிறந்த பேராசிரியர் கா. சிவத்தம்பியின் நூல்களைத் தேடிக் கரவெட்டிக்காரன் ஒருவன் இனிக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. கைத்தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதைத்தான் அவன் திரும்பத் திரும்பச் சொல்வான். வாசித்து முடிந்ததும் பறித்துக்கொள்கிற நூலகம் அல்ல அது.

வருடிய பக்கம் படம்தான், உள்ளே தேட முடியாது என்று முதலில் அவன் குறைப்பட்டான். எழுத்துணரிகள் வந்து இப்போது அச்சுத் தெளிவான புத்தகங்களை ஓரளவு நன்றாகவே வாசிக்கின்றன. ஈய எழுத்தில் கையால் கோர்த்த பழைய சஞ்சிகை என்றால் திணறுகின்றன. தும்பிக்கை போட்ட பழைய 'லை'யையும் சுழித்த பழைய 'றா'வையும் கண்டால் அவற்றுக்கு எதுவும் விளங்காது. படம் கையில் இருக்கும்வரை அவசரமில்லை. வாசிக்கிற கருவி வருடத்துக்கு வருடம் தேறும், தாள் வருடத்துக்கு வருடம் உதிரும். ஆகவே முதலில் வருடு, பிறகு வாசி.

2022 பங்குனிக் கடைசியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது கொழும்பிலிருந்து அவனுக்கு அழைப்புகள் வந்தன. யூபிஎஸ் எவ்வளவு நேரம் நிற்கும், இன்வேட்டருக்கு எந்தப் பற்றரி நல்லது, மடிக்கணினியைச் சோலரில் ஏற்றலாமா? கறண்ட் போய்ச் சில மணிநேரத்தில் தொலைபேசிக் கோபுரங்களின் பற்றரியும் படுத்தது, டீசல் இல்லை. மாதச் சந்தா கட்டிப் படம் பார்த்தவர்களுக்குப் படம் இல்லை. மேகத்தில் கோப்பு வைத்தவர்களுக்குக் கோப்பு இல்லை. பழைய வன்தட்டில் இளையராஜாவை வைத்திருந்தவர்கள் பற்றரியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டாமல் இருந்ததை மட்டும் இரண்டொருவரிடம் சொன்னான்.

புதியதெல்லாம் பகை என்று அவன் சாதிப்பதில்லை. 2017இல் கூகுளில் தமிழ் பேச்சுத் தட்டச்சு வந்தது. கீபோட்டைக் கண்டாலே ஒதுங்கிய அம்மம்மாமார் இப்போது தொலைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்து லண்டனுக்குச் சேதி சொல்கிறார்கள். செத்தவீட்டைப் பிள்ளைகள் நாலு நேரவலயத்திலிருந்து ஒரே சமயம் பார்க்கிறார்கள். 625 கோடு, 525 கோடு என்ற சண்டை அங்கே இல்லை. கோபம் வருவது வேறு இடத்தில். 2025 ஐப்பசி 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றது. பதினொன்று நிறுவப் பாதுகாப்புச் சில்லின் இரண்டாம் பதிப்பும் அண்மைத் தலைமுறைச் செயலியும் வேண்டும் என்றார்கள். ஒரு பழுதும் இல்லாத பெட்டிகளோடு சனம் வந்து நின்றது. பள்ளிப் பிள்ளைகளின் பெட்டிகளில் அவன் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். பேஜ்மேக்கரும் பாமினியும் வைத்திருந்த அச்சகக்காரர் மட்டும் அதற்கு உடன்படவில்லை. இணையத்தைக் கழற்றிவிட்டு அப்படியே ஓடட்டும் என்று முடிவாயிற்று.

இப்போது அவன் பார்க்கிற வேலை பழைய விஎச்எஸ் கசெற்றுகளை எண்ணிமமாக்குவது. கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானியக் கொம்பனி ஃபுனாய் 2016 ஆடியோடு நிறுத்திவிட்டது. இருக்கிற டெக்குகளைத்தான் ஒன்றைக் கொன்று மற்றதைப் பிழைக்கவைக்கவேண்டும். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருக்கும். அப்படியே போட்டால் டெக்கின் தலையும் கெடும், அடுத்த கசெற்றுக்கும் பரவும். மூடியைக் கழற்றி, முகமூடி கட்டிக்கொண்டு, ஸ்பிரிற் தொட்ட துணியால் நாடாவைத் துடைத்து மெல்லச் சுற்றவேண்டும். இதில் குறுக்குவழி இல்லை, மூன்று மணிநேரக் கலியாணத்துக்கு மூன்று மணிநேரம். நடுவில் கறண்ட் போனால் நாதஸ்வரத்திலிருந்து மறுபடி தொடக்கம்.

ரொறன்ரோவிலிருக்கும் மருமகனுக்குத் தாயின் கலியாண வீடியோ வேண்டும். ஒரு கிழமையாக வாக்குவாதம்.

"மாமா, கிளவுட்டில ஏத்திவிட்டாக் காணும். டிஸ்க் எல்லாம் இப்ப ஆர் வைச்சிருக்கினம்?"

"மாசக் காசு கட்டாமல் விட்டால்?"

"நான் கட்டுறன்தானே."

"நீ கட்டு. நான் டிஸ்க்கும் வாங்கிறன்."

இரண்டு வன்தட்டு வாங்கியாயிற்று, ஒன்று கரவெட்டிக்கு, ஒன்று அடுத்த முறை ஆராவது கனடா போகும்போது. விண்டோஸும் மக்கும் வீட்டு ரி.வி.யும் மூன்றும் வாசிக்கும்படி எக்ஸ்பாற்றில் ஃபோமற் பண்ணி, வீடியோவை எச்264இல் எம்பி4ஆக எழுதி, பக்கத்தில் விஎல்சி நிறுவியையும் போட்டு வைத்திருக்கிறான். மருமகன் கேட்ட கிளவுட் பிரதி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, நேற்று இரவு 38 வீதத்தில் நின்றது.